சும்மா இருக்கும்போது

கம்ப்யூட்டர் நின்றுபோவதைச் சொல்ல நம்மிடம் நிறையச் சொற்கள் இருக்கின்றன. ‘ஹேங் ஆயிருச்சு’, ‘அதுவா ஆஃப் ஆயிருச்சு’, ‘நீலக்கலர்ல என்னமோ வந்துச்சு’, எதுவும் தோன்றாவிட்டால் ‘சிஸ்டம் போயிருச்சு’. வீட்டில் இருப்பவர்களுக்கு எல்லாம் ஒரே தொல்லைதான். பழுது பார்க்க உட்காரும்போதுதான் இவை தனித்தனி வியாதிகள் என்று தெரியவரும்.

ஹேங் ஆகிறது என்றால் மிஷினுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. டிஸ்க்கோ, டிரைவரோ, ஏதோ ஒன்றுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. நீலத்திரை வருகிறது என்றால், ஏதோ தப்பு நடந்துவிட்டதை விண்டோஸ் கண்டுபிடித்துவிட்டது. இதற்கு மேல் போனால் இருக்கிற ஃபைல்களும் கெடும் என்று தானே வேலையை நிறுத்திக்கொள்கிறது. போகும்போது ஒரு பிழை எண்ணையும் எழுதிவைத்துவிட்டுப் போகிறது. மூன்றாவது வகையில் எழுதிவைக்க நேரமே இல்லை. திரை கறுப்பாகும், ஃபேன் சத்தம் நிற்கும், இரண்டு விநாடியில் எதுவுமே நடக்காததுபோல் மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

எங்கள் வீட்டில் நடந்தது மூன்றாவது.

அம்மா சிவகாசியில் வீட்டிலிருந்தபடியே டிடிபி வேலை செய்கிறார். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று வருஷம் முழுக்க ஏதாவது வந்துகொண்டிருக்கும். ஆனால் வருமானத்தில் பெரும்பகுதி நாட்காட்டி வேலையில்தான். தினசரி கிழிக்கிற காலண்டரின் 365 தாளையும் பேஜ்மேக்கரில் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம், இவை போக அடியில் ஒரு பொன்மொழி. ஒரு தாளில் நட்சத்திரம் ஒன்று மாறிப்போனால் யாரோ ஒருத்தர் வீட்டு வளைகாப்பு மாறிப்போகும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது ஊர் வழக்கம் என்பதால், சித்திரை முடிவதற்குள் இந்த வேலை தொடங்கிவிடும்.

அம்மா வேலை செய்துகொடுக்கும் அச்சகத்து அண்ணாச்சிக்கு ஒரு நம்பிக்கை. எந்த வருஷத்துக் காலண்டராக இருந்தாலும் ஜனவரி ஒன்றாம் தேதித் தாளை அம்மா கையால்தான் அடிக்க வேண்டும். “அக்காவுக்குக் கைராசி” என்பார். அம்மா அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார், மறுத்ததில்லை.

போன வருஷம் தை மாதத்தில் போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் மாற்றினார்கள். கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பழையதே. எல்லா ஊரிலும் நடக்கிற அப்கிரேடுதான். மாசி பிறந்ததும் நின்றுபோக ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை, பிறகு தினமும். நான் அப்போது வேலை விஷயமாக வெளியூரில் இருந்தேன். போனில் அம்மா சொன்னதை வைத்துத் தம்பிக்குச் சொல்வேன், அவன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவான்.

தம்பி ராத்திரி பத்து மணிக்கு மேல் அதே மிஷினில் கேம் ஆடுவான். வீட்டில் முதல் சந்தேகம் அவன் மேல்தான் விழுந்தது. “அது தாங்குற மாதிரியா நீ ஆடுற?” என்று அப்பா சத்தம் போட்டார். அவன் ஒரே ஒரு பதில் வைத்திருந்தான்: “நான் ஆடும்போது ஒருநாள்கூட நின்னதில்லப்பா.” அது உண்மைதான். ஒரு தடவைகூட நின்றதில்லை.

அப்படியானால் மிச்சம் இருப்பது யார்?

அம்மா தானே அந்த முடிவுக்கு வந்துவிட்டார். “எங்கிட்ட வந்தா மட்டும்தான் நிக்குது. என் கைதான் ஏதோ பண்ணுது போல.” ஒருமுறை ஒரே நாளில் பதினொரு தாள் போயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் கன்ட்ரோல் எஸ் அடிக்கப் பழகினார். நான் வீட்டுக்கு வந்த வைகாசியில் பார்த்தபோது, எழுத்துகளை அடிக்கிற தாளத்தோடு அதுவும் கலந்துவிட்டிருந்தது. அண்ணாச்சி போனில் விளையாட்டாகத்தான் கேட்டார், “என்னக்கா, ராசி மாறிருச்சா?” என்று. அடுத்த வாரம் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத் தாள்களையும் வேறொரு சென்டருக்குக் கொடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது.

கடைகளில் செய்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முதல் கடையில் ஃபார்மட் அடித்தார்கள். இரண்டாவது கடையில் புளோயர் வைத்துத் தூசி ஊதி, பிராசசருக்குப் புதுப் பேஸ்ட் வைத்து, ராமைக் கழற்றி அதன் பித்தளை நிறக் காலை ரப்பரால் அழித்துவிட்டு மாட்டினார்கள். ரப்பர் வைத்தியம் பலமுறை பலிக்கிற வைத்தியம்தான். காலில் படியும் அழுக்கு போனால் தொடர்பு சரியாகிவிடும். மூன்றாவது கடையில் ஒருநாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். “ஹெவி டெஸ்ட் போட்டு எட்டு மணி நேரம் ஓட்டினோம் தம்பி, ஜம்முனு ஓடுது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டி, அம்மா உட்கார்ந்த நாற்பதாவது நிமிஷத்தில் நின்றது.

டாக்டர் வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற மாதிரி, தேடினால் ஒளிந்துகொள்கிற இந்தப் பழுதுக்குக் கம்ப்யூட்டர் உலகில் ஒரு பெயர் உண்டு. ஜிம் கிரே என்ற விஞ்ஞானி 1985-இல், டாண்டம் என்ற நிறுவனத்தில் இருந்தபோது, ‘கம்ப்யூட்டர்கள் ஏன் நின்றுபோகின்றன’ என்ற கேள்வியை வைத்தே ஓர் அறிக்கை எழுதினார். அதில் பிழைகளை இரண்டாகப் பிரித்தார். ஒரே மாதிரி செய்தால் ஒரே மாதிரி வந்து நிற்பவை ஒரு வகை. நீல்ஸ் போரின் அணு மாதிரி கெட்டியானவை என்பதால் அவற்றுக்குப் போர்பக் என்று பெயர். உற்றுப் பார்க்கப் போனால் மறைந்துவிடுபவை இன்னொரு வகை. அவை ஹைசன்பக், நிச்சயமின்மைக் கொள்கையைச் சொன்ன ஹைசன்பர்கின் பெயரால். வேலை செய்துகொண்டிருக்கும் மிஷின்களில் மிஞ்சியிருக்கிற மென்பொருள் பிழைகள் பெரும்பாலும் இரண்டாம் வகைதான், மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும் என்பது அவருடைய கணிப்பு. ‘ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்று நாம் கேலி செய்கிற அறிவுரைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

ஜிம் கிரேயை நினைக்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வரும். 2007 ஜனவரி 28-ஆம் தேதி, தன் அம்மாவின் அஸ்தியைக் கரைப்பதற்காக சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பாய்மரப் படகில் தனியாகக் கிளம்பினார். திரும்பவில்லை. கடலோரக் காவல்படை தேடியது. செயற்கைக்கோள் படங்களை ஆயிரக்கணக்கானவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பார்த்தார்கள். படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. நின்றுபோவதற்கான காரணத்தைத் தேடியவரின் முடிவுக்குக் காரணம் தெரியாமலே போயிற்று. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, ஆனால் எல்லாக் காரணமும் கைக்கு எட்டுவதில்லை.

வைகாசியில் நான் வீட்டுக்கு வந்ததும் முதலில் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். நின்ற ஒவ்வொரு நேரத்துக்கும் நேராக ஒரே பதிவு: கர்னல் பவர் 41. அது சொல்வது, முறையாக ஷட்டவுன் ஆகாமல் மிஷின் மறுபடி தொடங்கியிருக்கிறது என்று மட்டும்தான். விழுந்து எழுந்தவன் “நான் விழுந்தேன்” என்று சொல்வதைப் போல. கூடவே இருக்கிற பிழை எண் பூஜ்யம். அதாவது விண்டோஸுக்கே எதுவும் தெரியாது.

அடுத்து ராம். தம்பிக்கு இதில் ஒரு ஆசை இருந்தது. 2003-இல் பெல்ஜியத்தின் ஷார்பேக் என்ற இடத்தில் நடந்த மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண் அது. நினைவகத்தில் ஒரே ஒரு பிட் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகப் புரண்டிருக்கிறது. வேறு காரணம் எதுவும் அகப்படாததால், விண்வெளியிலிருந்து வந்த கதிர் ஒன்று பட்டிருக்கலாம் என்று சொல்லப்பட்டது. “நம்ம வீட்லயும் காஸ்மிக் ரேயா இருக்கலாம்ல?” என்று கேட்டான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூகுளின் சர்வர்களில் இருந்த ராம்களை வைத்து 2009-இல் வெளியான ஆய்வு, நினைவகப் பிழைகளில் பெரும்பகுதிக்குக் காரணம் வானம் அல்ல, அந்த ராமின் நிரந்தரக் கோளாறுதான் என்று கண்டது. கோளாறான ராம் திரும்பத் திரும்பத் தவறு செய்யும், ஆகவே பிடித்துவிடலாம். 1994-இல் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட் இன்றைக்கும் அதற்குத்தான் பயன்படுகிறது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினோம். காலையில் நான்கு சுற்று முடிந்து, பிழை பூஜ்யம் என்று இருந்தது.

அன்றைக்குத்தான் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கிக் கோடு போட்டேன். தேதி, நேரம், உட்கார்ந்திருந்தது யார், என்ன செய்துகொண்டிருந்தார், கரண்ட் எப்படி இருந்தது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். அம்மா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் தானாக ஒரு கோடு போட்டார். மேலே ‘ரா.கா.’ என்று எழுதினார்.

ராகு காலம். வருஷத்துக்கு 365 தடவை அதை டைப் அடிப்பவருக்கு அந்தச் சந்தேகம் வராமலா இருக்கும்? நான் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அதுவரை வந்த யூகங்களிலேயே சோதித்துப் பார்க்க எளிதானது அதுதான். ‘சாஃப்ட்வேர்ல ஏதோ பிரச்சினை’ என்பதை எப்படிப் பொய் என்று நிரூபிப்பீர்கள்? ராகு காலத்தை நிரூபிக்கலாம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு என்று விநாடி சுத்தமாக எழுதி வைத்திருக்கிறார்களே.

ஐந்து வாரத்தில் 31 தடவை நின்றது. ராகு காலத்தில் நின்றது 3. தற்செயலாக விழுந்தாலே நாலைந்து வரவேண்டும். அம்மா அந்தக் கோட்டைத் தானே பென்சிலால் அடித்தார்.

கரண்ட் மேல் எனக்கு இருந்த சந்தேகமும் அதே மாதிரி அடிபட்டது. நம் வீடுகளுக்கு வருகிற 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி ஓடுகிறது. ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ள ஆகும் இடைவெளியைக் கடத்த, நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று சுமார் 16 மில்லிசெகண்ட் தன்னிடம் இருக்கும் சேமிப்பில் தாக்குப்பிடிக்கும். இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் ஸ்விட்ச் யுபிஎஸ் பக்கம் இல்லாவிட்டால் இடைவெளி அதைவிட நீளும், கம்ப்யூட்டர் அணையும். எங்கள் வீட்டில் ஸ்விட்ச் சரியான பக்கம்தான் இருந்தது. 31-இல் கரண்ட் போன நேரத்தோடு ஒத்துப்போனது இரண்டே இரண்டு.

சூடு? தம்பி ஆடும்போதுதான் சூடு ஏறும். அவனுக்குத்தான் நிற்பதே இல்லையே.

மிச்சமிருந்தது ‘என்ன செய்துகொண்டிருந்தார்’ என்ற கோடு. அம்மாவின் கையெழுத்தில் வரிசையாக இப்படி இருந்தது:

‘தாள் 114 முடிச்சிட்டு பஞ்சாங்கம் பார்த்துக்கிட்டு இருந்தேன்.’

‘புரூப் திருத்திக்கிட்டு இருந்தேன், பேப்பர்ல.’

‘அண்ணாச்சி போன்.’

‘பால்காரர் வந்தார். எந்திரிக்கல, பேசிக்கிட்டு இருந்தேன்.’

‘சும்மாதான் இருந்தேன்.’

‘சும்மா.’

‘சும்மா.’

31-இல் 26 தடவை மிஷினில் எதுவுமே நடக்கவில்லை. ‘சும்மா’ என்று அவர் எழுதியிருந்த விதத்தில் வேலை நேரத்தில் ஓய்ந்திருந்ததற்கு விளக்கம் சொல்கிற மாதிரி ஒரு கூச்சம் இருந்தது. ஆனால் மாசியிலிருந்து எல்லாரும் தேடிக்கொண்டிருந்த தகவல் அந்த ஒற்றைச் சொல்தான்.

“ஏம்மா, நீ வேகமா அடிச்சிக்கிட்டு இருக்கும்போது நின்னிருக்கா?”

அம்மா யோசித்தார். “இல்ல. கைய எடுத்தாத்தான். அதனாலதான் இப்பல்லாம் யோசிக்கும்போது மவுசப் பிடிச்சு ஆட்டிக்கிட்டே இருப்பேன். அப்படி இருந்தா கொஞ்சம் நிக்க மாட்டேங்குது.”

யாரும் சொல்லித்தராமல், ஒரு மருந்தையே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

இனி மிஷினுக்குள் நடப்பதைச் சொல்ல வேண்டும். நாம் வேகமாக டைப் அடித்தாலும் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஐந்தில் ஒரு விநாடி போகும். மூன்று கிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு அது 60 கோடி துடிப்பு. அவ்வளவு நேரம் வெறுமனே முழித்துக்கொண்டிருந்தால் கரண்ட் வீண் என்பதால், வேலை இல்லாத நொடியே அதைத் தூங்கப் பழக்கியிருக்கிறார்கள். 1996 டிசம்பரில் வந்த ஏசிபிஐ என்ற விதிமுறை அந்தத் தூக்கத்தைப் படிகளாகப் பிரித்தது. சி பூஜ்யம் என்றால் முழு விழிப்பு, சி ஒன்று என்றால் சற்றுக் கண்மூடல். பின்னால் வந்த பிராசசர்களில் சி ஆறு என்றொரு படி. அதில் பிராசசரின் கோர் தன் நிலையை ஓரிடத்தில் பத்திரமாக எழுதிவைத்துவிட்டுத் தனக்கு வரும் மின்னழுத்தத்தையே அறுத்துக்கொள்கிறது. ஒரு விசை தட்டினால், மில்லிசெகண்டுக்கும் குறைந்த நேரத்தில், விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்கிறது. நாம் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற நேரத்தில் இது ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இந்த வழக்கம் புதிது. அது பிறந்த காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஓடிக்கொண்டே இருக்கும், எப்போதும் குறைந்தபட்சம் இவ்வளவாவது கரண்ட் இழுக்கும் என்று நம்பிச் செய்தார்கள். 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒன்றாகக் கட்டி, சேர்த்தே கட்டுப்படுத்துகிற அமைப்பு. ஒரு பக்கம் இழுவை ஏறக்குறைய இல்லாமல் போனால் தராசுத் தட்டு மாதிரி அந்தப் பக்கம் எகிறும், மறுபக்கம் தாழும். 12 வோல்ட் என்பது 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே இருக்க வேண்டும். எல்லை தாண்டினால் ‘கரண்ட் சரியாக இருக்கிறது’ என்று போர்டுக்குச் சொல்லும் சிக்னல் விழுந்துவிடும். சிக்னல் விழுந்தால் போர்டு ஒன்றும் யோசிக்காது, அந்தக் கணமே ரீசெட். விண்டோஸுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது.

இது எங்கள் வீட்டு அதிசயம் இல்லை. 2013-இல் இன்டெலின் ஹாஸ்வெல் பிராசசர்கள் வந்தபோது, தூக்கத்தில் அவை இழுக்கும் கரண்ட் 12 வோல்ட் கோட்டில் 0.05 ஆம்பியர் வரை இறங்கலாம் என்று தெரிந்தது. முன்பிருந்த கணக்கு அரை ஆம்பியர். எஸ்எம்பிஎஸ் தயாரிப்பாளர்கள் எந்தெந்த மாடல் இதைத் தாங்கும் என்று பட்டியல் போட்டு வெளியிட்டார்கள். பல போர்டுகளின் பயாஸில், ஆழ்ந்த தூக்கத்தைத் தடுக்கிற ஒரு தேர்வு இன்றும் இருக்கிறது.

இப்போது மூன்று கடையிலும் ஏன் பிடிபடவில்லை என்று புரியும். ஒரு மிஷினைச் சோதிப்பது என்றால் பாரம் ஏற்றிப் பார்ப்பது என்றுதான் எல்லாருக்கும் பழக்கம். ஹெவி டெஸ்ட், எட்டு மணி நேரம், ஜம்முனு. பாரம் ஏற ஏற அது சௌகரியமாக ஓடியது. ஓய்வு கொடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. தம்பியின் மூர்க்கமான விளையாட்டுதான் அதை உயிரோடு வைத்திருந்தது. அம்மாவின் நிதானம்தான் அதற்கு ஆகவில்லை.

பயாஸில் அந்தத் தேர்வை மாற்றினேன். ஒன்பது நாள் நிற்கவே இல்லை.

பத்தாம் நாள் மறுபடி பழையபடி மாற்றப் போகிறேன் என்றதும் அம்மா பதறினார். “நல்லா ஓடுறத எதுக்குடி கெடுக்கப் போற?” கெடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மாற்றியதும் சரியானது என்பது பாதிச் சாட்சி. பழையபடி வைத்ததும் பழையபடி வந்தால்தான் முழுச் சாட்சி. அதோடு எனக்கு வேறொரு காரணமும் இருந்தது.

வேலை எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, மிஷினை ஆன் செய்து, வெறும் நோட்பேடைத் திறந்து வைத்துவிட்டு எல்லாரையும் விலகச் சொன்னேன். யாரும் அந்த அறைப்பக்கம் போகவில்லை. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே ஃபேன் சத்தம் அறுந்து, பிறகு ‘பீப்’ என்றது.

அம்மா எச்சில் கையோடு எழுந்து போய் வாசற்படியில் நின்று பார்த்தார். திரையில் போர்டு கம்பெனியின் படம் வந்து மறைந்தது.

“யாரு தொட்டா?”

“யாரும் தொடலம்மா. எல்லாரும் இங்கதான இருக்கோம்.”

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். “அப்ப நான் இல்லாதப்பவும் போகுமா?”

மறுநாள் மூவாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் கொடுத்து, 12 வோல்ட்டிலிருந்தே மற்றதைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கிற புது வகை எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினோம். தூக்கத்தை அறவே தடுக்காமல், எல்லாப் படியும் திறந்தபடியே விட்டேன். அதற்குப் பிறகு நின்றதில்லை. அண்ணாச்சியிடம் ராசியைப் பற்றி யாரும் விளக்கம் சொல்லப் போகவில்லை. வேலை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரைக்கும் எங்கள் வீட்டிலேயே முடிந்தது. பிப்ரவரியும் மார்ச்சும் திரும்ப வரவில்லை.

ஒரு பழுது வந்தால் வீடு முதலில் கேட்கிற கேள்வி ‘என்ன ஆச்சு’ என்பதில்லை, ‘நீ என்ன பண்ணினே’ என்பதுதான். நிற்கிற நேரம் ஒழுங்கில்லாமல் இருந்தால் அந்தக் கேள்வி இன்னும் உரக்கக் கேட்கும். காரணம் அகப்படாத இடத்தில் ஓர் ஆளை நிறுத்தினால்தான் மனசு ஆறுகிறது. யாரும் நிறுத்தாவிட்டாலும் சிலர் தாங்களே போய் நின்றுகொள்கிறார்கள். அந்த நோட்டு செய்தது ஒன்றுதான். கேள்வியை ஆளிடமிருந்து பிடுங்கி நேரத்திடமும் நிலையிடமும் கேட்டது.

இன்னொன்று, எங்கள் கதையில் கெட்டுப்போன பாகம் என்று எதுவுமே கிடையாது. பிராசசர் நல்ல பிராசசர். பழைய எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லதுதான். தம்பி அதை எடுத்து, மாடியில் பன்னிரண்டு வோல்ட் எல்ஈடி ஸ்டிரிப் விளக்குக்குப் போட்டிருக்கிறான். எப்போதும் ஒரே பாரம் என்பதால் அலுங்காமல் எரிகிறது. இதை அம்மாவிடம் விளக்கியபோது அவர் சட்டென்று சொன்னார்: “ரெண்டும் நல்ல ஜாதகந்தான். பொருத்தம் இல்ல, அவ்வளவுதானே?”

இந்த வருஷக் காலண்டர் வேலை தொடங்கிவிட்டது. கன்ட்ரோல் எஸ் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் தாள் மாறும் இடத்தில், பஞ்சாங்கத்தைப் பார்க்கும்போது, மவுசை விட்டுவிட்டுக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொள்கிறார்.